பாலைத் தூசியும் புதுச்சேரி வானமும்: வான மங்கலை அளப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆனி, ஆடி மாதங்களில் புதுச்சேரி, கடலூர் பக்கம் மேகமே இல்லாத நாளில்கூட வானம் நீலமாக இருக்காது. நீர்மோர் போல வெளுத்துக் கிடக்கும். அரேபியத் தூசி என்பார் ஒருவர், நெய்வேலிப் புகை என்பார் இன்னொருவர், கடல் உப்பு என்பார் மூன்றாமவர். மங்கல் எவ்வளவு என்பதை மொட்டை மாடியில் நின்றே அளந்துவிடலாம். அது எந்தத் தூசி என்று சொல்வதுதான் கடினம். அதற்கு ஓர் அளவீடு போதாது. கீழே உள்ள பதில்கள் இந்த இரண்டையும் பற்றியவை.

வானம் எவ்வளவு மங்கலாக இருக்கிறது என்பதை எந்த எண்ணால் சொல்கிறார்கள்?

ஏஓடி (ஏரோசால் ஆப்டிகல் டெப்த், அதாவது துகள்களின் ஒளித்தடிமன்) என்ற எண்ணால். காற்றில் மிதக்கும் துகள்கள் சூரியனின் நேர்க்கதிரை எவ்வளவு மறிக்கின்றன என்பதை, தலைக்கு நேர் மேலே தரையிலிருந்து வளிமண்டல உச்சி வரை மொத்தமாகக் கூட்டிச் சொல்லும் எண் இது. இதற்கு அலகு கிடையாது. 0.1 என்றால் நல்ல தெளிவு. 0.3 தாண்டினால் வானம் வெளுப்பது கண்ணுக்கே தெரியும். 1 என்றால், தலைக்கு நேரே சூரியன் நிற்கும்போதுகூடத் துகள்களைத் தாண்டி வருவது நேர்க்கதிரில் 37 சதவீதம்தான். 2020 ஜூனில் சஹாராத் தூசி அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியத் தீவுகளை மூடியபோது ஏஓடி அங்கே 1-ஐத் தாண்டியது.

ஏஓடியை அலைநீளத்தோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். "இன்றைக்கு 0.5" என்பது பாதித் தகவல், "505 நானோமீட்டரில் 0.5" என்பதே முழுத் தகவல்.

அரேபியாவிலிருந்து புதுச்சேரி வரை தூசி வருமா? வழியிலேயே விழுந்துவிடாதா?

பெரிய மணல் விழுந்துவிடும், நுண்தூசி வரும். 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் ஒரு நாளில் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். 10 மைக்ரான் என்றால் சுமார் 700 மீட்டர், 5 மைக்ரான் என்றால் 170 மீட்டர் அளவில். ஓமன் கரையிலிருந்து இங்கே 2,500 கிலோமீட்டருக்கு மேல். மேல்காற்று விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் அடித்தால் ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டர் கடக்கும். ஆகவே 3 கிலோமீட்டர் உயரத்தில் ஏறிவிட்ட 5 மைக்ரான் தூசிக்கு மூன்று நாள் பயணம் பெரிய விஷயமே இல்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அரேபியத் தீபகற்பம், ஆப்பிரிக்காவின் கொம்பு (சோமாலியாப் பக்கம்), தார்ப் பாலைவனம் ஆகிய இடங்களில் கிளம்பும் தூசி அரபிக்கடல் மேல் பெரும்பாலும் 2 முதல் 5 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழை அதில் ஒரு பங்கைக் கழுவிவிடும். மிச்சம்தான் சோழமண்டலக் கரைக்கு வருகிறது. அந்தப் பருவத்தில் நம் பக்கம் மழை குறைவு என்பதால் அளக்கத் தோதான நாள்கள் கிடைக்கின்றன.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மதியத்துக்கு மேல் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காற்று கிழக்கிலிருந்து வீசும். கொடியும் புடவையும் மேற்கே பறக்கும். அதே நேரத்தில் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் மேற்குக் காற்று பலமாக ஓடிக்கொண்டிருக்கும். "கடல் காற்றுதானே அடிக்குது, பாலைத் தூசி எப்படி வரும்?" என்ற கேள்வி எழுவது இந்த இரண்டடுக்கைக் கவனிக்காததால்தான்.

கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா?

சந்தேகப்படலாம், உறுதி சொல்ல முடியாது. சூரியனைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பாலோ விளக்குக் கம்பத்தாலோ மறைத்துக்கொண்டு சுற்றிலும் பாருங்கள். பெரிய துகள்கள் ஒளியை முன்னோக்கியே சிதறடிப்பதால் சூரியனைச் சுற்றி அகலமான வெள்ளை ஒளிவட்டம் இருக்கும். நீலம் தலைக்கு மேலேகூட வெளிறியிருக்கும். சாயங்காலம் சூரியன் ரத்தச் சிவப்பாக ஆகாமல், அடிவானத்தைத் தொடும் முன்பே மங்கி மறையும். புகை என்றால் சிவப்பு தூக்கலாக இருக்கும். ஆனால் மிக உயரத்தில் மிதக்கும் மெல்லிய பனிப்படிக மேகமான சிரஸும் இதே வேஷம் போடும் என்பதை மறக்காதீர்கள். எக்காரணம் கொண்டும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.

கருவியை வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாக. எல்ஈடியை உணரியாகப் பயன்படுத்தும் சூரிய ஒளிமானியை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபாரஸ்ட் மிம்ஸ் அறிமுகப்படுத்தினார். பின்னர் மாணவர்களே சுற்றுச்சூழலை அளக்கும் க்ளோப் பள்ளித் திட்டத்துக்கான கருவியும் இதே வழியில் 505, 625 நானோமீட்டர் என்ற இரண்டு வண்ணங்களோடு வந்தது. எல்ஈடி தான் உமிழும் அலைநீளத்தைவிடச் சற்றுக் குறைந்த அலைநீளத்தையே உணரும். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணைக் கணக்கில் போடக் கூடாது.

தேவையானவை இவை. தெளிவான பச்சை, சிவப்பு எல்ஈடி ஒவ்வொன்று. முடிந்தால் 880 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒன்று. 940 வேண்டாம், அந்தப் பக்கம் நீராவி உறிஞ்சும். எல்ஈடியின் குமிழ்முகத்தை நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கி மெருகேற்றுங்கள். மின்னோட்டத்தை வோல்டேஜாக மாற்ற ஒரு ஆப்-ஆம்ப். எம்சிபி6002 போட்டால் மூன்று ஏஏ செல் போதும். அதற்கு 9 வோல்ட் கொடுத்தால் ஐசி போய்விடும். 9 வோல்ட் பேட்டரிதான் வேண்டுமென்றால் சிஏ3140 போடுங்கள். பின்னூட்ட மின்தடை பச்சைக்கு 1 முதல் 10 மெகாஓம் வரை வரலாம், சிவப்புக்கு அதைவிடக் குறையும். எல்ஈடிக்கு எல்ஈடி இது மாறும். தெளிவான நாளின் நடுப்பகலில் வெளியீடு ஒன்றரை முதல் இரண்டு வோல்ட் வருமாறு பார்த்துப் போடுங்கள். மின்தடைக்கு இணையாகச் சிறிய மின்தேக்கி ஒன்று இருந்தால் எண் நடுங்காது. எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாமான்கள்தான்.

குழாய்தான் முக்கியம். அரை இஞ்ச் பிவிசி குழாயை 12 செ.மீ. வெட்டி, உள்ளே மினுமினுப்பில்லாத கறுப்பு அடித்து, இரு முனையிலும் 5 மி.மீ. துளையிட்ட மூடி போடுங்கள். பார்வைக் கோணம் சுமார் இரண்டரை பாகை வரும். இதைவிட அகலமானால் தூசி நாளில்தான் மாட்டிக்கொள்வீர்கள்: சூரியனைச் சுற்றியுள்ள வெள்ளை ஒளிவட்டமும் உள்ளே வந்து வோல்டேஜைக் கூட்டும், ஏஓடி இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும்.

குறிபார்க்க, பெட்டியின் மேல் இரண்டு தகடு. முன்தகட்டில் 3 மி.மீ. துளை, பின்தகட்டில் வெள்ளைத் தாளும் அதில் ஒரு புள்ளியும். பெட்டியை மெல்லச் சாய்த்தால் தாளில் ஒரு ஒளிப்பொட்டு ஊர்ந்து வரும். அது புள்ளியைச் சரியாக மூடும் கணத்தில் மீட்டரில் வோல்டேஜ் உச்சத்தைத் தொடும். பொட்டு நடுவில் இருக்கும்போது உச்சம் வரவில்லை என்றால் தகடு வளைந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

அளக்கும் முறை?

கருவியை நிழலில் வைத்திருந்து கடைசி நிமிடத்தில் வெளியே எடுங்கள். கத்திரி வெயிலில் கார் டாஷ்போர்டில் கிடந்த கருவி சொல்வது எல்ஈடியின் சூட்டையும் சேர்த்துத்தான். முன்துளையை விரலால் மூடி இருள் வோல்டேஜைக் குறியுங்கள். பிறகு சூரியனை நோக்கிப் பிடித்து, உச்ச எண்ணை எடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ஒவ்வொரு வண்ணத்திலும் ஐந்து முறை. நேரத்தைக் கால் நிமிடம் பிசகாமல் எழுதுங்கள்.

ஐந்தில் பெரியதையே எடுத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கினாலும், மேகச் சிதறல் குறுக்கே வந்தாலும் வோல்டேஜ் குறையத்தான் செய்யும், கூடாது. ஐந்தும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த முறையை அடித்துவிடுங்கள்.

சூரியன் சாய்வாக இருக்கும்போது கதிர் அதிகக் காற்றைக் கடக்குமே, அதற்கு?

அதைக் காற்றுப்பாதை எண் சரிசெய்யும். தலைக்கு நேரே 1, 30 பாகை உயரத்தில் 2. எளிய வழி நிழல்: 100 செ.மீ. குச்சியைத் தூக்குக்குண்டு வைத்து நேராக நிறுத்துங்கள், தரை மட்டமா என்பதை ரசமட்டத்தில் பாருங்கள். நிழல் நீளத்தைக் குச்சி நீளத்தால் வகுத்து, அதன் வர்க்கத்தோடு 1 கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். நிழல் 75 செ.மீ. என்றால் √(1 + 0.5625) = 1.25. மொட்டை மாடித் தளம் மழைநீர் ஓடுவதற்காகச் சாய்த்தே போடப்பட்டிருக்கும். ரசமட்டம் வைக்கச் சொல்வது அதனால்தான்.

புதுச்சேரி 11.9 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் உச்சந்தலைக்கு வரும். டிசம்பர் நடுப்பகலில்கூட இந்த எண் 1.23-ஐத் தாண்டாது. நம் ஊர் நடுப்பகல் 12 மணிக்கு அல்ல, சராசரியாக 12.11-க்கு. நவம்பர் தொடக்கத்தில் 11.54, பிப்ரவரி நடுவில் 12.25 வரை நகரும்.

கணக்கு எப்படி? ஓர் உதாரணம் வேண்டும்.

காற்றே இல்லாவிட்டால் கருவி காட்டியிருக்கும் வோல்டேஜை 'மேல்வோல்டேஜ்' என்று வைத்துக்கொள்வோம். அதை இன்றைய வோல்டேஜால் வகுத்து, இயல்மடக்கை (கால்குலேட்டரில் ln) எடுத்து, காற்றுப்பாதை எண்ணால் வகுத்தால் மொத்தத் தடிமன் வரும். அதிலிருந்து காற்று மூலக்கூறுகளின் பங்கையும் ஓசோன் பங்கையும் கழித்தால் ஏஓடி. கடல்மட்டத்தில் மூலக்கூறுப் பங்கு 505 நானோமீட்டரில் 0.138, 625-இல் 0.058. ஓசோன் பங்கு முறையே சுமார் 0.01, 0.027.

ஜூலை நடுவில் ஒரு காலை என்று கொள்வோம். பச்சையின் மேல்வோல்டேஜ் 2.000. ஆனால் ஜூலையில் பூமி சூரியனைவிட்டு விலகியிருப்பதால் அதை 0.968-ஆல் பெருக்க வேண்டும்: 1.936. இருளைக் கழித்த அளவீடு 0.830. 1.936 ÷ 0.830-இன் இயல்மடக்கை 0.847. அதை 1.25-ஆல் வகுத்தால் 0.678. மூலக்கூறும் ஓசோனும் கழிந்தால் 0.53.

சிவப்பு: மேல்வோல்டேஜ் 1.500, திருத்தியபின் 1.452, அளவீடு 0.700. இயல்மடக்கை 0.730, வகுத்தால் 0.584, கழித்தால் 0.50.

தூரத் திருத்தத்தை விட்டிருந்தால் பச்சை 0.56 என வந்திருக்கும். ஜனவரித் தொடக்கத்தில் இதே பிழை எதிர்ப்பக்கம் போகும். திருத்தாத பதிவுகளை வைத்துக்கொண்டு "கோடையில் தூசி கூடுகிறது" என்று வரைபடம் போட்டால், அதில் ஒரு பங்கு பூமியின் சுற்றுப்பாதை.

மேல்வோல்டேஜை எப்படிக் கண்டுபிடிப்பது?

லாங்லி முறை. காலையில் சூரியன் ஏற ஏற வோல்டேஜை எடுத்து, அதன் இயல்மடக்கையைக் காற்றுப்பாதை எண்ணுக்கு எதிராகப் புள்ளியிடுங்கள். நேர்கோடு வரும், அதைக் காற்றுப்பாதை பூஜ்யம் வரை நீட்டினால் மேல்வோல்டேஜின் மடக்கை கிடைக்கும். எண் 5-இலிருந்து 2-க்கு வரும் நேரம்தான் உகந்தது. நம் அட்சரேகையில் அது ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆனால் இதைப் புதுச்சேரியிலோ கடலூரிலோ செய்யாதீர்கள். அந்த ஒன்றரை மணி நேரமும் காற்று மாறாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடலோரத்தில் விடியலின் ஈரம், அடுப்புப் புகை, காற்றுத் திசை எல்லாம் அதற்குள் மாறிவிடும். மோசம் என்னவென்றால், மங்கல் சீராகக் கூடிக்கொண்டே போனாலும் கோடு நேராகத்தான் வரும், விடை மட்டும் தப்பாக இருக்கும். ஏற்காடு பரவாயில்லை. கொடைக்கானல் அதைவிட நல்லது, 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் அங்கே 2,343 மீட்டரில் நிற்பது சும்மா இல்லை. ஜனவரி, பிப்ரவரியின் தெளிந்த காலைகளில் ஐந்தாறு லாங்லி எடுத்துச் சராசரி காணுங்கள். எல்ஈடி வயதாகும், ஆகவே வருடம் ஒரு முறை மறுபடி பாருங்கள்.

மேல்வோல்டேஜில் 2 சதவீதம் பிழை இருந்தால், நடுப்பகலில் ஏஓடியில் 0.02 பிழை, காற்றுப்பாதை 2-இல் 0.01 மட்டுமே. காலை எட்டரை மணி வாக்கில் எடுப்பது நடுப்பகலைவிட நல்லது என்பதற்கு இதுவும் காரணம்.

சரி, 0.53 வந்துவிட்டது. அது பாலைத் தூசிதானா?

இதுவரை செய்ததில் அதற்கு விடை இல்லை. இரண்டு வண்ணங்களையும் ஒப்பிட்டால் ஓரளவு தெரியும். சிறு துகள்கள் (புகை, வாகனக் கரி, சல்பேட்) நீலம், பச்சையை அதிகம் மறித்துச் சிவப்பை விட்டுவிடும். தூசி எல்லா வண்ணத்தையும் ஏறக்குறைய ஒரேபோல மறிக்கும். இந்த வேறுபாட்டைச் சொல்வது ஆங்ஸ்ட்ரோம் எண்: இரு ஏஓடிகளின் விகிதத்தின் மடக்கையை, அலைநீள விகிதத்தின் மடக்கையால் வகுத்தால் வரும். மேலே உள்ள உதாரணத்தில் சுமார் 0.3. புகையில் 1.5-ஐ ஒட்டி இருக்கும். தூசி ஆதிக்கம் செலுத்தும்போது 0.5-க்குக் கீழே இறங்கும்.

இந்த எண்ணை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். 505-உம் 625-உம் மிக நெருக்கமானவை. ஒவ்வொரு வண்ணத்திலும் 0.02 பிழை இருந்தால், ஏஓடி 0.5-இல் ஆங்ஸ்ட்ரோம் எண் 0.27 அளவுக்கு ஆடும். ஏஓடி 0.1 என்றால் 1.3 அளவுக்கு ஆடும். அதை எழுதி வைப்பதே வீண். அகச்சிவப்பு எல்ஈடி கேட்டது இதற்காகத்தான்.

கடல் உப்பும் பெரிய துகள்தான், அதுவும் தாழ்ந்த எண்ணே தரும். ஆனால் உப்பு மட்டும் இருந்தால் ஏஓடி பொதுவாக 0.5 வரை ஏறாது. உள்ளூர்ப் பெருந்துகள்களும் உண்டு: நெய்வேலிச் சாம்பல், பொம்மையார்பாளையம் பக்கத்துச் செம்மண், சாலை வேலை. ஆகவே ஏஓடி உயர்வு, ஆங்ஸ்ட்ரோம் தாழ்வு, காற்று வந்த வழி, செயற்கைக்கோள் படத்தில் தொடர்ச்சியான படலம் என நான்கும் ஒரே திசையைக் காட்டும்போது மட்டும் "பாலைத் தூசி" என்று பதிவு செய்வோம். மூன்று இருந்தால் "இருக்கலாம்". வேறு எதுவாக இருந்தாலும் வெறும் "மங்கல்".

காற்று வந்த வழியை எங்கே பார்ப்பது?

அமெரிக்காவின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவா நடத்தும் ஹைஸ்ப்ளிட் இணையத்தில் இலவசம். காற்று வந்த பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டுக் கோடாக வரைந்து காட்டும். 12.0 வடக்கு, 79.8 கிழக்கு கொடுத்து, பின்னோக்கி 120 மணி நேரம், 500, 1,500, 3,000 மீட்டர் என மூன்று உயரம் போடுங்கள். நேரம் உலக நேரத்தில் கேட்கும். நம் காலை 11.30 அங்கே 06. 500 மீட்டர் கோடு வங்கக்கடலையே சுற்றிவர, 3,000 மீட்டர் கோடு நேராக அரபிக்கடலைத் தாண்டுவது தென்மேற்குப் பருவத்தில் அடிக்கடி காணும் காட்சி. பிழை கடந்த தூரத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை வரலாம். கோடு ஓமனில் முடிந்தால் "அரேபியப் பக்கம்" என்று சொல்லுங்கள், ஊர்ப்பெயர் சொல்லாதீர்கள்.

ஐரோப்பாவின் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவையான காம்ஸின் முன்கணிப்பில் தூசிக்கென்று தனி ஏஓடி வரைபடம் வருகிறது. எந்த நாளில் தயாராக இருப்பது என்று திட்டமிட நல்லது. ஆனால் அது மாதிரிக் கணக்கு. அதைப் பார்த்துவிட்டு அளவீட்டைத் திருத்துவது வேண்டாம்.

செயற்கைக்கோள் ஏஓடியும் என் எண்ணும் பொருந்தவில்லை. யார் தப்பு?

இரண்டும் சரியாக இருக்கலாம். மோடிஸ், விர்ஸ் போன்ற செயற்கைக்கோள் உணரிகள் ஒரு சதுரப் பரப்பின் சராசரியைத் தருகின்றன. நம் கரையில் அந்தச் சதுரத்துக்குள் மணல், ஊர், கலங்கிய ஆழமற்ற கடல் எல்லாம் சேர்ந்திருக்கும். கெடிலமும் பெண்ணையாறும் சேறு கொண்டுவரும் நாளில் நீரின் பளிச்சென்ற நிறம் ஏஓடியாகத் தவறாகப் படியலாம். கரையிலிருந்து இருபது முப்பது கிலோமீட்டர் உள்ளே கடல் மேல் உள்ள சதுரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சூரியப் பளபளப்பு விழும் இடத்தில் எண்ணே வராது. தூசி மிகத் தடிமனாக இருந்தால் மென்பொருள் அதை மேகம் என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு.

தூசியின் உயரம் தெரிய லைடார் வேண்டும், அதாவது லேசர் துடிப்பை அனுப்பித் திரும்பும் ஒளியை அளக்கும் கருவி. கலிப்சோ செயற்கைக்கோள் 2006 முதல் 2023 வரை அதைச் செய்தது. 2024 மே மாதம் ஏவிய எர்த்கேர் இப்போது செய்கிறது. அது செல்லும் கோட்டுக்கு நேர் கீழே மட்டுமே தெரியும் என்பதால் நம் ஊர் மேல் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும்.

வீட்டு பிஎம்2.5 (2.5 மைக்ரானுக்குட்பட்ட நுண்துகள்) மீட்டர் "நல்ல காற்று" என்கிறது, வானம் வெளுத்திருக்கிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?

அநேகமாக இல்லை. அது மூக்குக்கு முன்னால் இருக்கும் காற்றை அளக்கிறது. தூசி 3 கிலோமீட்டர் மேலே இருக்கிறது. கிடைமட்டப் பார்வையும் அப்படித்தான். வில்லியனூர் கோபுரம் பளிச்சென்று தெரியும் நாளில் ஏஓடி 0.5 இருக்கலாம். மார்கழி விடியலிலும் போகி அன்றும் நேர் எதிராக இருக்கும்: கீழே எதுவும் தெரியாது, மேலே சுத்தம். தூசி கீழே இறங்கினாலும் மலிவு லேசர் மீட்டர்கள் 2.5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளைச் சரியாக எண்ணுவதில்லை. அவை காட்டும் பிஎம்10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்) பெரும்பாலும் ஊகம். உடல்நலத்துக்கு முடிவெடுக்க மாசுக் கட்டுப்பாட்டு நிலையத்தின் பிஎம்10-ஐப் பாருங்கள். இந்தியத் தரம் 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம்.

ஐப்பசி மழையில் இருள் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகிறது.

ஈரம். மெகாஓம் மின்தடை உள்ள சுற்றில், பற்றவைத்தபோது படிந்த ஃப்ளக்ஸ் மிச்சமும் கடல் உப்பும் ஈரம் இழுத்து மின்கசிவுக்கு வழி போடும். சில மில்லிவோல்ட் இருந்தது பல பத்தாகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பலகையைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் அல்லாமல் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, பாதுகாப்புப் பூச்சு அடியுங்கள். சிலிகா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். முன்துளையில் உப்புப் படலம் தெரிகிறதா என்றும் பாருங்கள். கடற்கரையில் ஒரு சாயங்காலம் போதும் அது படிய.

கார் மேல் செந்தூசி, சிவப்பு மழை: இவை சான்றாகுமா?

தனியாக ஆகாது. 2001-இல் கேரளத்தில் பெய்த சிவப்பு மழைக்கும் அரேபியத் தூசியைக் கைகாட்டியவர்கள் உண்டு. ஆராய்ந்தபோது கிடைத்தது பாசியின் வித்துகள். வாசலினைத் தடவிய கண்ணாடித் தகட்டை மாடியில் ஒரு நாள் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். 20 மைக்ரானுக்கு மேற்பட்ட மணிகளே அதிகம் என்றால் பக்கத்து மண்.

சோலார் பேனல் உற்பத்தி பாதியாகுமா?

ஆகாது. உதாரண நாளில் தூசி மட்டுமே நேர்க்கதிரைப் பாதியை ஒட்டிக் குறைக்கும். ஆனால் தூசி சிதறடிக்கும் ஒளியில் பெரும்பங்கு முன்னோக்கியே வந்து வேறு கோணத்தில் பேனலில் விழும். பேனல் மேல் படிந்த உள்ளூர் அழுக்குதான் பெரும்பாலும் பெரிய திருடன்.

பதிவேட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

தேதி, நேரம், இடம், நிழல் நீளம், இருள் வோல்டேஜ், ஒவ்வொரு வண்ணத்தின் ஐந்து எண்களும் (பெரியது மட்டுமல்ல), கருவிப் பெட்டியின் வெப்பநிலை, தரைக்காற்றுத் திசை, சூரியனுக்குப் பக்கத்தில் சிரஸ் உண்டா, வானத்தின் நிறம். கழித்து வகுத்த விடையை மட்டும் எழுதி, மூல வோல்டேஜை விட்டுவிடாதீர்கள். அடுத்த ஜனவரியில் கொடைக்கானலில் மேல்வோல்டேஜ் 3 சதவீதம் மாறியிருப்பது தெரிந்தால், பழைய நாள்களைத் திருத்த அந்த எண்கள்தான் வேண்டும்.